நாலு மீட்டர் தூரத்துச் சத்தம்

வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று பட்டாசுக்கு 1999இல் மத்திய அரசு விதி போட்டது. நாட்டுக்கே சத்தம் செய்து அனுப்புகிற சிவகாசிக்கு ஒலியியல் இப்படித்தான், ஒரு தடையாணையாக, வந்து சேர்ந்தது. ஆனால் சணலை எவ்வளவு இறுக்கிச் சுற்றினால் எவ்வளவு சத்தம் என்பது சுற்றுகிற கைக்கு அதற்கு முன்பே தெரியும். அதை நாம் அறிவு என்பதில்லை, 'கைப்பழக்கம்' என்போம். (1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் மட்டும் தொழில் முன்னோடிகள். அவர்களும் கையால் பழகித்தான் வந்தார்கள்.)

விளிம்புநிலை இளைஞர்களுக்கு இசைத் தொழில்நுட்பத்தைக் 'கொண்டுசேர்ப்பது' பற்றி இப்போது நம் தோழர்களும் பேசுகிறார்கள். அந்த வினைச்சொல்தான் உறுத்துகிறது. ஒன்றுமில்லாத இடத்துக்குத்தானே எதையும் கொண்டுசேர்ப்பார்கள். கரிசக்காட்டில் ஒன்றுமில்லையா? ஒவ்வொரு பெரிய ஊரிலும் ஒரு மைக்செட்காரர் இருந்தார், இப்பவும் இருக்கிறார். வேப்பமரத்தில் ஏறிக் குழாய் கட்டுகிற எடுபிடிப் பயலாகச் சேர்ந்து, வயர் இழுத்து, ஆம்ப்ளிஃபயர் சூடானால் என்ன செய்வது, மைக் ஏன் கூவுகிறது என்று அடி வாங்கியே கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். எந்தப் பல்கலைக்கழகமும் சான்றிதழ் தராத ஒலிப்பள்ளி அது. அதை நான் புனிதப்படுத்தவில்லை. குழாய் எந்தத் தெருவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது என்பது நம்மூரில் சாதி விவகாரம். 1992இல் வந்த 'தேவர் மகன்' பாட்டை ஒலிபெருக்கியில் போட்டுத் தென்மாவட்டங்களில் மோதல்கள் நடந்ததை மறக்க முடியாது. தவிர, அந்தப் பள்ளியில் பெண்பிள்ளைக்கு இடமே கிடையாது. பட்டாசுக் கொட்டகையில் அவள்தான் பாதிக்கும் மேலே.

எது இசை, எது இரைச்சல் என்று பிரிப்பதே அதிகாரத்தின் வேலை என்கிற பொருளில் ழாக் அத்தாலி 1977இல் எழுதினார். அதை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் நடந்த இரண்டு முயற்சிகளைப் பார்க்கலாம். ஒன்று, ஏ.ஆர். ரஹ்மான் அறக்கட்டளையின் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா. வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு வயலினும் செல்லோவும் கொடுத்து, மேற்கத்திய இசைக்குறிப்பு வாசிக்கச் சொல்லித்தருகிறார்கள். நல்ல காரியம், பிள்ளைகளுக்குக் கிடைப்பது நிஜமான தேர்ச்சி. ஆனால் ஆர்கெஸ்ட்ரா என்கிற வடிவமே வேறொருவர் எழுதி வைத்ததை ஒழுங்காக வாசிப்பதுதான். மற்றது, நீலம் பண்பாட்டு மையத்தில் பா. ரஞ்சித்தும் டென்மாவும் சேர்த்த 19 பேர் கொண்ட கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை. சட்டியும் பறையும் கிதாரும் ஒரே மிக்ஸரில் வந்தன. சாவுவீட்டு இரைச்சல் என்று ஒதுக்கப்பட்ட கானா அப்படியே, வாயைக் கழுவிக்கொள்ளாமல், வந்தது. கானா ஆம்பளைகள் சமாச்சாரம் என்றிருந்ததில் இசைவாணி நின்று பாடினார். சுருதியைவிட, பாட்டு யாருடைய வாழ்க்கையைச் சொல்வது என்பதை இங்கே பாடுகிறவர்களே தீர்மானித்தார்கள். எனக்கு இதுவே முக்கியமான வேறுபாடு.

அதற்குப் பிறகும் ஒரு கதவு மூடியே இருக்கிறது. அதே கலெக்டிவில் இருந்த அறிவு எழுதிப் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' 2021இல் உலகமெல்லாம் போயிற்று. அந்த வருஷமே ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் அவர் இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகுதான் அவருக்குத் தனி அட்டை வந்தது. 2024இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். ஸ்டூடியோவுக்குள் நுழைவது வேறு, பதிவானது யாருடைய சொத்து என்பது வேறு. ஒப்பந்தத்தை வாசிக்கத் தெரிவதும் இசைத் தொழில்நுட்பத்தில் ஒரு பாடம்தான். எந்தப் பயிலரங்கும் அதைத் தொடுவதாகத் தெரியவில்லை.

'செல்போனே இன்னிக்கு ஸ்டூடியோ, இனிமே என்ன தடை?' என்று கேட்பவர்கள் ஒருநாள் காலையில் ஆலை வாசலில் வந்து நிற்கட்டும். பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. நியாயமான விதி, ஒரு பொறிக்கு என்ன விலை என்று 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி காட்டியது. ஆனால் அர்த்தம் என்ன? விடிஞ்சு போய் பொழுது சாய வருகிற பிள்ளைக்கு அந்த 'ஸ்டூடியோ' பகல் முழுக்க வாசலுக்கு வெளியே கிடக்கிறது. ராத்திரி அது கைக்கு வரும்போது கையில் தெம்பு இல்லை. 2011 தொடங்கி அரசு கொடுத்த மடிக்கணினிகள் எத்தனையோ வீட்டில் கிடந்தன. ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருள் அதில் ஓடும். ஓடும் என்று சொல்லித்தர ஓர் ஆள், சத்தம் வராத ஓர் அறை, ஒரு மணி நேரம் – இந்த மூன்றும்தான் இல்லை.

அறை பெரிய விஷயமில்லை. ஊர்ப்புற நூலகத்தில் ஒரு மூலை, சுவரில் பழைய சமுக்காளம், ஒரு நல்ல மைக், அம்புட்டுத்தான். சொல்லித்தருகிறவர் சென்னையிலிருந்து வரவேண்டியதுமில்லை, அந்த மைக்செட்காரரையே சம்பளம் கொடுத்து உட்காரவைக்கலாம், பெண்பிள்ளைகளையும் சேர்க்கணும் என்ற நிபந்தனையோடு. நேரம்தான் கஷ்டம். தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக் கிடக்கிற வாரங்களில் கூலி இருக்காது, நேரம் இருக்கும். அந்த வாரங்களுக்கு உதவித்தொகை வாங்கித்தரத் தொழிற்சங்கங்கள் முன்வந்தால் அங்கிருந்து தொடங்கலாம். சங்கத் தோழர்களிடம் இதைப் பேசினால், 'பாட்டுக்கா?' என்று சிரிக்கிறார்கள்.