பலவீனன் யார்? மனச்சாட்சி பற்றிய பவுலின் போதனையும் அதன் பிரயோகமும்

கிறிஸ்தவ சுயாதீனத்தைக் குறித்த பிரசங்கங்களில் பெரிதும் எடுத்தாளப்படுபவை 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்களும் ரோமர் 14-ம் அதிகாரமும் ஆகும். பிறர் மனம் வருந்தும் எதையும் விசுவாசி செய்யலாகாது என்பதே இவற்றிலிருந்து பொதுவாக வருவிக்கப்படும் முடிவு. இது பவுலின் கருத்தில் பாதியையே உரைக்கிறது. மறுபாதி மறக்கப்பட்டதால் தமிழ்த் திருச்சபைக்கு நேர்ந்த தீங்கு சிறிதன்று.

கொரிந்துவில் அறிவுள்ளவர் எனத் தம்மைக் கருதியோர் விக்கிரகக் கோயிலின் பந்தியிலும் தயக்கமின்றி அமர்ந்தனர். அண்மையில் விக்கிரக வழிபாட்டை விட்டு வந்த ஒருவன் அதைக் கண்டு துணிவு கொண்டு, தன் மனச்சாட்சி தடுப்பதையே செய்து கெட்டுப்போகக்கூடும் என்பதே பவுலின் அச்சம் (8:10, 11). எனவே, இடறல் என்பது ஈண்டு விசுவாச வீழ்ச்சியைக் குறிக்கிறது. அதிருப்தியையோ முகச்சுளிப்பையோ குறிக்கவில்லை. இந்தப் பலவீனர், விழாக்காலங்களிலன்றி இறைச்சியைக் காணாத ஏழை மக்கள் என்று ஜெர்மானிய அறிஞர் கெர்ட் தைசன் வாதிட்டுள்ளார். அவ்வாறாயின், வசதியுள்ளவன் வசதியற்றவனுக்காக விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே பவுலின் கட்டளையாகிறது.

அதே பவுல், கடையில் விற்கும் இறைச்சியை விசாரியாமல் உண்ணலாம் என்கிறார். பிறனுடைய மனச்சாட்சியின்பொருட்டு ஒன்றைத் தவிர்ப்பவன் தன் சுயாதீனத்தை அவனுடைய தீர்ப்புக்கு உட்படுத்திவிடவில்லை என்பதையும் வலியுறுத்துகிறார் (10:25–29). தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்வித்த அவர், தீத்துவின் காரியத்தில் இணங்கவில்லை. அந்தியோகியாவில் கேபா புறஜாதியாருடன் உண்பதினின்று விலகியபோது, யாக்கோபிடத்திலிருந்து வந்தவர்களின் மனம் புண்படும் என்று பவுல் பொறுத்திருக்கவில்லை, யாவருக்கும் முன்பாகக் கேபாவைக் கண்டித்தார் (கலா. 2:11–14). ஏனெனில் அங்கே விட்டுக்கொடுத்தலின் விலையைச் செலுத்தியவர்கள் பந்தியிலிருந்து ஒதுக்கப்பட்ட புறஜாதியாரே.

இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு நம் சரித்திரத்தை நோக்குவோம். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபையில் ஜாதி வேற்றுமை அறவே ஒழிக்கப்பட வேண்டும் என அறிவித்தார். தஞ்சைப் பகுதியில் பலர் இதை ஏற்காமல் விலகினர். அவர்களுள் சிலர் பிற்காலத்தில் லுத்தரன் மிஷனில் சேர்ந்தனர். 1849 முதல் 1853 வரை இந்தியாவில் தங்கிய லைப்சிக் மிஷன் இயக்குநர் கார்ல் கிரவுல், ஜாதியைச் சமூக வழக்கமாகக் கருதி, சபைச் சட்டத்தால் அதைத் திடீரென அகற்றலாகாது, சுவிசேஷம் புளித்தமாவைப்போல் உள்ளிருந்து மாற்றட்டும் என்ற நிலையை ஆதரித்தார். திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்த அவருக்குத் தமிழர்பால் இருந்த அன்பை ஐயுற இடமில்லை. சட்டத்தால் மனச்சாட்சியைப் பிறப்பிக்க இயலாது என்ற அவர் கருத்திலும் உண்மையுண்டு.

ஆயினும், பலவீனரைத் தாங்குதல் எனும் கொள்கையின் சாயல் கொண்ட இப்பொறுமை, எவரைத் தாங்கிற்று? தனியே அமரவும் முதலில் பாத்திரத்தில் பங்குபெறவும் விரும்பியவரின் மனம் பேணப்பட்டது. பின்னால் நிறுத்தப்பட்டவரின் மனச்சாட்சி கணக்கிடப்படவில்லை. பலமுள்ளவன் பலவீனனின் இடத்தில் வைக்கப்பட்டான். கொரிந்துவின் நியாயம் அந்தியோகியாவின் பந்தியில் தவறாகப் பிரயோகிக்கப்பட்டது. வில்சனின் முறையில் கடுமை இருந்தது எனலாம். எனினும் திருவிருந்தின் இயல்பை அவரே சரியாக உணர்ந்தார்.

இன்றைய போதகரும் சபைக் கமிட்டியில், “சிலர் வருத்தப்படுவார்கள்” என்ற சொல்லைக் கேட்கிறார். கல்லறைத் தோட்டத்தைப் பற்றியோ, அசனத்தில் யார் சமைப்பது என்பதைப் பற்றியோ பேச்செழும்போது அச்சொல் தவறாமல் வரும். அப்போது இரண்டு கேள்விகளைக் கேட்டல் தகும். வருந்துகிறவன் தன் விசுவாசத்தை இழக்கும் ஆபத்தில் இருக்கிறானா, அன்றி தன் முதன்மையை இழக்கும் அச்சத்தில் இருக்கிறானா? விட்டுக்கொடுப்பதன் நஷ்டம், விட்டுக்கொடுக்கிறவனைச் சேருமா, மூன்றாமவன் ஒருவனைச் சேருமா?

என் இறைச்சியை நான் துறப்பது அன்பு. என் சகோதரனுடைய இடத்தை நான் துறந்து கொடுப்பதற்கு எனக்கு அதிகாரமில்லை. ரோமர் 14-ம் அதிகாரத்தைப் பிரசங்கிப்போர் கலாத்தியர் 2-ம் அதிகாரத்தையும் அருகில் திறந்து வைத்துக்கொள்வார்களாக.