கோப்பை யாருடையது?

2019 தீபாவளிக்கு வந்த ‘பிகில்’ படத்தை மாணவியரோடுதான் பார்த்தேன். ‘சிங்கப்பெண்ணே’ பாடலுக்கு எங்கள் வரிசையே எழுந்து ஆடியது. எனக்கும் கண் கலங்கியது, அதை மறைக்கப் போவதில்லை. மறுவாரம் வகுப்பில் ஒருத்தி கேட்டாள்: “மேம், நிஜமாவே தமிழ்நாட்டுல பொண்ணுங்க ஃபுட்பால் டீம் இருக்கா?”

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடியபோது வெட்கமாக இருந்தது. 2018இல் கட்டாக்கில், பெண்கள் கால்பந்தின் கோட்டையான மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் முதன்முறையாகத் தேசிய சாம்பியன் ஆகியிருக்கிறார்கள். படம் வருவதற்கு ஐந்து மாதம் முன்பு, 2019 மே மாதம், மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக் கோப்பையையே வென்றிருக்கிறது. பெண்ணியம் பேசும் எனக்கு இந்த இரண்டும் எட்டவில்லை. விஜய் பயிற்சியாளராக வந்தபிறகுதான் பெண்கள் பந்து விளையாடுவதே என் கண்ணில் பட்டது.

படத்தை மறுபடி பார்த்தேன். தலைப்பே பயிற்சியாளரின் பட்டப்பெயர். கோப்பை அவனுடைய அப்பா ராயப்பனின் கனவு. அப்பாவின் கனவை மகன் சுமக்கிறான், மகனால் முடியாமல் போனதைப் பெண்கள் முடித்துக் கொடுக்கிறார்கள். திருமணமாகி வீட்டுக்குள் முடங்கிய காயத்ரியையும், அமில வீச்சுக்கு ஆளான அனிதாவையும் அவன்தான் போய் மீட்டு வரவேண்டியிருக்கிறது. தோழி ஒருத்தி போய்க் கூப்பிட்டிருக்கக் கூடாதா?

என்னால் தாண்டிப் போக முடியாதது பாண்டியம்மா காட்சி. ஆட்டத்தின் நடுவே அவளைக் ‘குண்டம்மா’ என்று கூப்பிட்டு வெறியேற்றுகிறான் பயிற்சியாளன். அவளும் அந்தக் கோபத்தில் ஆவேசமாக ஆடுகிறாள். திரையரங்கில் விசில் பறந்தது. உடம்பைக் கேலி செய்தால் ஒரு பெண் வீறுகொண்டு ஆடுவாள் என்று யார் சொன்னது? ஒன்பதாம் வகுப்பில் கோ-கோ ஆடிக்கொண்டிருந்த என்னை விளையாட்டு ஆசிரியர் இதே வார்த்தையால்தான் கூப்பிட்டார். மறுநாள் வயிற்றுவலி என்று பொய் சொன்னேன். அதற்குப்பின் மைதானத்தில் இறங்கவேயில்லை.

சுதா கொங்கராவின் ‘இறுதிச்சுற்று’ இதைவிட நேர்மையான படம். வீராங்கனையிடம் கைநீட்டும் அதிகாரியை அது 2016லேயே காட்டியது. 2023இல் மல்யுத்த வீராங்கனைகள் ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தபோது எனக்கு மதிதான் நினைவுக்கு வந்தாள். ஆனால் அவளும் வென்றவுடன் ஓடித் தாவி ஏறுவது பயிற்சியாளரின் மேல்தான்.

பயிற்சியாளரைக் கொண்டாடக் கூடாது என்பதல்ல என் வாதம். விடியற்காலையில் மைதானத்தைத் திறப்பதும், பூட்ஸுக்கு அலைவதும், பெண்ணை அனுப்பச் சொல்லி அவள் அம்மாவிடம் பேசுவதும் பெரிய உழைப்பு. நம் சினிமா அதைக் காட்டுவதில்லை, வசனம் பேசுகிறவரைக் காட்டுகிறது. இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரும்கூட. அவரை யாரும் போய் மீட்டு வருவதுபோலக் கதை எழுத முடியாது என்பதாலோ என்னவோ, அவர் பெயர் என் வகுப்பில் ஒருத்திக்கும் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் சேது அணி ஆடிய ஆட்டம் ஒன்றின் காணொளியைப் போட்டேன். பின்னணி இசை கிடையாது, படமும் தெளிவில்லை. முதலில் கொட்டாவி விட்டார்கள். பத்து நிமிடம் போயிருக்கும், கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “ஏய், லெஃப்ட்ல ஆளு நிக்குது, பாஸ் பண்ணுடி!”