பிறர் எழுதிய கல்வெட்டு

1797 இல் பொஸ்ரன் நகரில் 'த கொக்கெற்' என்ற நாவல் அச்சாகியது. ஆண்களை மயக்கி விளையாடுபவள் என்பது தலைப்பின் பொருள். முகப்பில் ஆசிரியரின் பெயர் இல்லை. மசாசுசெற்ஸைச் சேர்ந்த ஒரு சீமாட்டி எழுதியது என்று மட்டும் இருந்தது. அவர் ஹனா வெப்ஸ்ரர் பொஸ்ரர், ஒரு மதகுருவின் மனைவி. அவர் பெயர் நூலின் முகப்பில் ஏறியது 1866 இல், அவர் இறந்து 26 ஆண்டுகள் கழித்து.

கதைக்கு அடியில் உண்மைச் சம்பவம் ஒன்றுண்டு. எலிசபெத் விற்மன் ஒரு மதகுருவின் மகள், கவிதை எழுதியவர், திருமணமாகாதவர். 1788 ஜூலையில், டான்வர்ஸ் என்ற ஊரின் விடுதியொன்றில், பொய்ப்பெயரில் தங்கியிருந்து, இறந்த குழந்தையைப் பெற்றுத் தானும் இறந்துபோனார். நாவல் வாசித்துக் கெட்டவள், நல்ல வரன்களைத் தட்டிக்கழித்தவள் என்று பத்திரிகைகள் பாடம் சொல்லின.

பொஸ்ரர் இதை 74 கடிதங்களாக எழுதினார். பெற்றோர் நிச்சயித்த மாப்பிள்ளை இறந்துவிட, சிறிது காலம் தன் விருப்பப்படி வாழ ஆசைப்படுகிறாள் எலிசா வார்ட்டன். பொயர் என்ற ஒழுக்கமான மதகுருவும் சான்போர்ட் என்ற உல்லாசியும் அவளை நாடுகின்றனர். சந்தேகித்துப் பொயர் விலகுகிறான். பணத்துக்காக வேறொருத்தியை மணந்த சான்போர்ட், பின்னர் வந்து எலிசாவைக் கெடுக்கிறான். மேலோட்டமாகப் பார்த்தால் இது இளம்பெண்களுக்கான எச்சரிக்கைக் கதைதான். சான்போர்ட் நாடகமேடை வில்லனைத் தாண்டி வளரவில்லை. தோழியரின் புத்திமதிகள் அலுப்பூட்டுகின்றன. இவை நாவலின் பலவீனங்கள்.

ஆனால் கடிதங்களை யார் எழுதுகிறார்கள் என்று கவனித்தால் வேறொரு நாவல் தெரியும். தொடக்கத்தில் எலிசா நிறைய எழுதுகிறாள். நகைச்சுவையும் துணிவும் உள்ள குரல் அது. தோழி லூசியிடமிருந்து பதிலாக வருவது அறிவுரை. பொயர் போனபின் அவளது கடிதங்கள் அருகுகின்றன. அவள் மெலிந்ததைத் தோழி ஜூலியா எழுதுகிறாள். அவளை வென்றதைச் சான்போர்ட் தன் நண்பனுக்கு எழுதுகிறான். எழுதியவள் எழுதப்படுபவள் ஆகிவிடுகிறாள். வீட்டைவிட்டுப் போகும்போது தாய்க்கும் ஜூலியாவுக்கும் எழுதியவை தவிர, முடிவில் அவள் குரலே இல்லை. நாவல் முடிவது தோழியர் நட்ட கல்லறைக் கல்லின் வாசகத்தோடு. கடைசிச் சொல்லும் பிறருடையதே.

எமது மொழியில் மங்களநாயகம் தம்பையா 1914 இல் 'நொறுங்குண்ட இருதயம்' எழுதினார். அவரது கண்மணி திருமணத்துக்குள் நொறுங்குகிறாள். எலிசா திருமணத்துக்கு வெளியே. இரண்டு ஆசிரியைகளும் அறம் போதிப்பதாகச் சொல்லிக்கொண்டே, அந்த அறம் பெண்ணிடம் வாங்கும் விலையையும் காட்டிவிட்டார்கள். கடித வடிவை 1921 இல் 'கோகிலாம்பாள் கடிதங்க'ளில் கையாண்ட மறைமலையடிகள், பெண்ணின் குரலை எடுத்துக்கொண்ட ஆண்.

இந்த நாவலை பலெர்மோவில் இருந்து வாசிப்பவருக்கு இன்னொன்றும் உறைக்கும். யுத்த காலத்தில் இங்கிருந்து ஊருக்குக் கடிதம் எழுதிய பெண்களில் பலர் பிறர் வீடுகளைத் துடைத்தவர்கள், முதியவர்களைப் பராமரித்தவர்கள். நலம், நலமறிய ஆவல், காசு கிடைத்ததா என்பதோடு கடிதம் முடிந்துவிடும். மீதி எழுதப்படவில்லை. ஆனால் ஒரு பெண் தனக்குப் பிடித்தவனோடு போய்விட்டால், செய்தி இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அன்றே போகும். அவளைப்பற்றி எல்லோரும் சொல்வார்கள். அவள் சொன்னது எதுவும் எவர் கையிலும் இராது. அன்று கடிதம் செய்த வேலையை இன்று கைத்தொலைபேசி செய்கிறது.

சைவர், கத்தோலிக்கர் என்று பாராமல் எம்மவர் பெல்லெக்ரினோ மலையேறிச் சாந்த ரொசாலியாவை வணங்குகிறார்கள். அவளும் வீட்டைவிட்டுப் போன பெண்தான். தனது முடிவைக் குகைக்கல்லில் தானே பொறித்தாள் என்பது ஐதீகம். தன் சொல்லை விட்டுச்சென்றவள் புனிதையானாள். எலிசாவுக்குக் கிடைத்தது தோழியரின் கல்.

தோழியர் கொடியவர்கள் அல்லர்; அவளை உண்மையாகவே நேசித்தவர்கள். பொஸ்ரர் எமக்கு விட்டுச்சென்ற சங்கடம் அதுதான். அன்பினாலும் ஒருத்தியின் வாயை அடைக்கலாம்.