தன் நூலைத் தானே விற்பவள்

ஒரு பெண்ணின் புத்தகம் வெளிவந்ததும் அதைப் பற்றி முதலில் சொல்லப்படுவது பல நேரங்களில் இதுதான்: "சொந்தக் காசில் போட்டதாம்." அதன்பின் நூலைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது. வர்ஜீனியா வுல்ஃபின் 'தனக்கென ஓர் அறை' 1929இல் இங்கிலாந்தில் வெளிவந்தபோது, அதை வெளியிட்டது அவரும் கணவர் லெனார்டும் 1917இல் தொடங்கிய ஹோகார்த் பதிப்பகம். நம் கல்லூரிகளில் அந்த நூலைப் பாடமாக நடத்தும் எவரும் இதை ஒரு குறையாகச் சொல்வதில்லை.

இலக்கிய உலகில் 'வரவேற்பு' என்று நாம் மரியாதையாகச் சொல்வதில் பெரும்பகுதி பிறர் செய்துதரும் விளம்பரம்தான். ஒருவர் அணிந்துரை எழுதுகிறார், ஒருவர் முதல் பிரதி பெறுகிறார், இன்னொருவர் மதிப்புரை எழுதுகிறார். இந்த உறவுகள் தேநீர்க் கடைகளிலும், வெளியூர்க் கூட்டங்களிலும், கூட்டம் முடிந்த பிறகான இரவு அறைகளிலும் வளர்கின்றன. ஏழு மணிக்குள் வீடு திரும்ப வேண்டியவளுக்கு அந்த வலையில் இடமில்லை. ஆகவே அவள் தன் நூலைத் தானே அறிமுகப்படுத்துகிறாள். ஆண்களுக்கு நண்பர்கள் செய்தால் விமர்சனம். அவள் தனக்குச் செய்துகொண்டால் தற்பெருமை.

தமிழில் இதற்கு நூறாண்டுக் கதை உண்டு. 1920இல் பாரதி தன் கையெழுத்துப் பிரதிகளை 40 நூல்களாக அச்சிடத் திட்டமிட்டார். ஆளுக்குக் குறைந்தது 100 ரூபாய் கடன் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தன் நூல்கள் விற்கும் என்று நம்பினார். திட்டம் நிறைவேறுமுன் 1921இல் இறந்துபோனார். அந்தச் சுற்றறிக்கையை இன்று படிப்பவர்கள், ஒரு மகாகவியைத் தமிழ்நாடு கைவிட்டதே என்று வருந்துகிறார்கள். வருந்த வேண்டியதுதான். ஆனால் தன் நூல் நன்றாக விற்கும் என்று அதே உறுதியோடு எழுதும் பெண்ணை எப்படிப் படிப்போம்?

பாரதி செய்ய முடியாததைத் தொடங்கிவைத்தவர் செல்லம்மாள். கணவர் இறந்த மறு ஆண்டே, 1922இல், பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் அவருடைய பாடல்களை நூலாக்கினார். கைம்பெண் வெளியே வரத் தயங்கிய காலத்தில் அவர் பதிப்பாளரானார். இலக்கிய வரலாறு அதைக் கணவருக்குச் செய்த கடமையாகக் குறித்துக்கொள்கிறது. ஒரு பதிப்பாளரின் வேலையாகப் பார்ப்பதில்லை.

வை. மு. கோதைநாயகி தன் எழுத்துக்காகவே அதைச் செய்தார். பள்ளிக்குப் போகாதவர். அவர் சொல்லச் சொல்லத் தோழி எழுதிய 'இந்திரமோகனா' நாடகம் 1924இல் வந்தது. அடுத்த ஆண்டு 'ஜகன்மோகினி' இதழைத் தன் பொறுப்பில் எடுத்து, அதில் தன் நாவல்களைத் தொடராக வெளியிட்டார். ஏறத்தாழ 35 ஆண்டுகள் இதழ் நடந்தது, நாவல்கள் 115. மேடைப் பேச்சும் இசையும் அவரை ஊர் ஊராகக் கொண்டுசென்றன. தனக்கான வாசகிகளைத் தானே உருவாக்கிக்கொண்டார். கிடைத்த பட்டம் 'வெகுசன எழுத்தாளர்'. செல்லம்மாள் பிறர் நூலை விற்றார், அது தொண்டு. கோதைநாயகி தன் நூலை விற்றார், அது வணிகம். இருவரும் பிராமண வீடுகளிலிருந்து வந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கோதைநாயகிக்குக் கணவரின் முழுத் துணையும் இருந்தது. இவை எதுவும் இல்லாத தலித் பெண்ணுக்கு இந்த மேடு இன்னும் செங்குத்தானது.

இன்று பிரிண்ட் ஆன் டிமாண்ட் வந்துவிட்டது, அச்சிடுவது எளிது என்கிறார்கள். அச்சிடுவது எளிதுதான். நான் என் கதைத் தொகுப்பை 300 பிரதிகள் போட்டேன். விலை 150 ரூபாய். கடைக்குக் கழிவு நூற்றுக்கு 40. அதுவும் விற்ற பிறகுதான் பணம். மீதி 90 ரூபாயில் அச்சுச் செலவும் பார்சல் செலவும் போக நிற்பது சில்லறை. புத்தகக் கண்காட்சியில் தனியாகக் கடை எடுக்க வழியில்லை. பிறர் கடையின் மூலையில் ஐந்து பிரதிகள் வைக்க மன்றாட வேண்டும்.

கணக்கில் வராத செலவு வேறு. சொந்தப் பதிப்பில் 'நூல் கிடைக்குமிடம்' என்ற இடத்தில் எழுத்தாளரின் வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும்தான் இருக்கும். ஆணுக்கு அது தொடர்பு எண். எனக்கு இரவு பதினொரு மணிக்கு, கதையில் வருவது நீங்கள்தானா என்று கேட்கும் குரல்களுக்கான எண். புத்தகத்தைக் கையில் பிடித்துப் படம் போட்டால் புடவையைப் பற்றிப் பத்துப் பேர் எழுதினார்கள். கதையைப் பற்றி ஒருவர். எண்ணை எடுத்துவிட்டால் விற்பனை இல்லை. படத்தை எடுத்துவிட்டால் புத்தகம் வந்ததே யாருக்கும் தெரியாது. விளம்பரம் என்று நம்மிடம் கேட்கப்படுவது, நூலோடு சேர்த்து நம் உடலையும் பொதுவில் வைப்பது.

சொந்தப் பதிப்புகள் எல்லாம் நல்ல நூல்கள் என்று நான் சொல்லவில்லை. செம்மையாக்கம் இல்லாதவை பல. பெண்களின் எழுத்தாசையை அறிந்து, அவர்களிடமே பணம் வாங்கி, பிழை திருத்தாமல் அச்சடித்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கும் பதிப்பகங்களும் உண்டு. ஆனால் நூல் மோசம் என்று சொல்லவும் அதைப் படித்தாக வேண்டும். அந்த உழைப்பைக்கூடத் தராத விமர்சனத்துக்குத் தரத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை?

ஆகவே கூச்சப்படாதீர்கள் என்று எழுதும் பெண்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு விருப்பமில்லை. கூச்சம் நம்முடைய குறையும் அல்ல. வேலை வாசிப்பவர்களிடம் இருக்கிறது. மாணவிகள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடும்போது ஏற்கெனவே பத்துப் பேர் எழுதிய நூலை விட்டு, யாரும் எழுதாத ஒன்றை எடுக்கலாம். கல்லூரி நூலகத்தின் பரிந்துரைப் படிவத்தில் ஒரு பெயரை எழுதலாம். வாசித்ததைப் பற்றி, குறைகளோடு சேர்த்து, ஒரு பக்கம் எழுதி வெளியிடலாம். ஆண்கள் நூறாண்டாக ஒருவருக்கொருவர் செய்துவருவது இதைத்தான். நாம் செய்யும்போது படித்துவிட்டுச் செய்வோம்.