மிஞ்சிய அத்திக் கன்றுகள்

சீமை அத்தியைக் கவாத்து செய்தால் குச்சிகளைக் குப்பையில் போட மனம் வராது. பென்சில் கனத்தில், நாலைந்து கணுவோடு ஒரு துண்டு. வெட்டுவாயில் கசியும் பால் உலர்ந்ததும் மண் நிரப்பிய பையில் செருகி நிழலில் வைத்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கூர்மொட்டு பிரிந்து விரியும் இலையைத் தடவிப் பாருங்கள். மேற்புறம் சொரசொரவென்று விரலைப் பிடிக்கும். அடியில் நரம்புகள் புடைத்து நிற்கும். வெயிலில் அது விடும் பச்சை வாசனைக்காகவே ஒரு தொட்டி வைக்கலாம். ஆனால் இலையை நம்பக்கூடாது. குச்சியில் இருக்கும் சத்திலேயே அது துளிர்த்துவிடும். பையின் அடித்துளையில் வெள்ளை வேர் தலைகாட்டும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் இதில் உள்ள திறமை.

நம் மாடிக்கு ஒன்றிரண்டு போதும். மீதியைக் கொடுப்பது வரன் பார்ப்பது மாதிரி. வெயில் எத்தனை மணி நேரம் வரும், ஊருக்குப் போனால் யார் தண்ணீர் விடுவார்கள் என்று கேட்டே ஆகவேண்டும். "மூணு குடுங்கக்கா" என்பவரைவிட, ஒன்றே ஒன்று கேட்டு, பையைத் தூக்கி வேரைப் பார்ப்பவரை எனக்குப் பிடிக்கும். "எங்க பால்கனில வெயிலே வராதுக்கா" என்று உண்மையைச் சொல்பவருக்கு வெற்றிலைக் கொடி கொடுக்கலாம். பால் பட்டால் அரிக்கும், வீட்டில் வளர்க்கும் ரகங்கள் துணைமரம் இல்லாமலே காய்க்கும் என்று இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும். கன்று வாங்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகாமல் ஒரு காலித் தொட்டி எடுத்துப்போங்கள். அடுத்த கவாத்துக்குக் கன்று கொடுத்தவருக்கு அது வேண்டியிருக்கும்.