நேர்க்கோட்டின் மயக்கம்

மண்டபம், பாம்பன், இராமேசுவரக் கரைகளில் பெண்கள் மூழ்கிப் பறித்துச் சேர்க்கும் கஞ்சிப்பாசியிலிருந்து அகார் கிடைக்கிறது. அந்த அகாரைச் சிதைத்துச் சிறு சர்க்கரைகளாக்கும் அகரேஸ் என்னும் நொதியை ஆராயப் புகுவோர் அதன் உச்ச வேகம் யாது என்பதையும், அதில் பாதியை எய்த எவ்வளவு அகார் வேண்டும் என்பதையும் முதலில் நிர்ணயிக்க வேண்டியவராகின்றனர். 1913இல் மைக்கேலிஸும் மென்டனும் தந்த சமன்பாடு இவ்விரண்டையும் ஒரு வளைகோட்டில் அடக்கியது. 1934இல் லைன்வீவரும் பர்க்கும் வேகம், செறிவு இரண்டின் தலைகீழ் மதிப்புகளையும் எடுத்து அவ்வளைவை நேர்க்கோடாக்கினர்.

கணிப்பொறி இல்லாத காலத்தில் வரைதாளும் அளவுகோலும் கொண்டே மாறிலிகளைக் காணச் செய்த அம்முறை மகத்தான உபகாரமே. தடுப்பான் சேர்த்தபின் கோடுகள் எங்கே சந்திக்கின்றன என்று நோக்கித் தடுப்பின் வகையை ஊகிக்க, மாணவருக்கு அதனினும் தெளிவான சித்திரம் இன்றும் இல்லை.

ஆனால் கணிப்புக்கு அது தகாது. வேகம் 100 ஆயினும் 10 ஆயினும் அளவைப் பிழை 2 அலகே என்று கொண்டால், தலைகீழாக்கியபின் சிறிய வேகத்தின் பிழை பெரியதன் பிழையைப்போல் ஏறக்குறைய நூறு மடங்காகிறது. மிகுந்த ஐயத்துக்குரிய அப்புள்ளியே கோட்டின் தொலைமுனையில் நின்று சாய்வைத் தீர்மானிக்கிறது. அகாரின் கரைசலோ செறிவு மிகுந்தால் உறையும் இயல்பினது; ஆகவே உச்ச வேகத்தை அண்டிய, நம்பத்தக்க அளவைகள் அரிதாகும்போது இத்தீங்கு இன்னும் பெருகுகிறது.

இக்குறைக்கு லைன்வீவரையும் பர்க்கையும் பழிப்பது நியாயமன்று. புள்ளியியலாளர் டெமிங்குடன் சேர்ந்து அவர்களே அதே 1934இல் புள்ளிகளுக்குத் தக்க எடை கொடுத்துக் கணித்தனர். பிழை எங்கும் சமமாயின் அவ்வெடை வேகத்தின் நான்காம் அடுக்காகும். பின்வந்தோர் கோட்டை வைத்துக்கொண்டு எடையை மறந்தனர்.

கோடு பொருந்துவதைக் கொண்டு நொதியின் வினைவழியைப் பற்றிக் கொள்ளும் துணிபு இதனினும் அபாயமானது. 1957இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு வந்து சேர்ந்த ஹால்டேன், 1925இலேயே பிரிக்ஸுடன் சேர்ந்து, வேறோர் அனுமானத்திலிருந்தும் அதே வடிவச் சமன்பாடு பிறப்பதைக் காட்டியிருந்தார். எனவே புள்ளிகள் கோட்டில் அழகுற அமைந்தமையால் மட்டும் எந்த வினைவழியும் நிரூபணமாகிவிடாது.

இக்கடற்கரையின் பாசிகளை ஆராயும் இளைஞர்கள் நேர்க்கோட்டைக் காட்சிக்கு வைத்துக்கொள்ளட்டும். மாறிலிகளை வளைகோட்டிலிருந்தே பிழையெல்லையோடு கணித்து, தாம் அளந்த ஒவ்வொரு வேகத்தையும் அட்டவணையாக வெளியிட வேண்டுமென்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.