மங்கு க்ரீம் அட்டையைப் படித்தால்

எங்கள் திருவானைக்காவலிலும் ‘மங்கு க்ரீம்’ என்றே பெயர் வாங்கிவிட்ட டியூப் அது. அட்டையில் உள்ளது: ஹைட்ரோகுவினோன் 2%, ட்ரெட்டினாயின் 0.025%, மொமெட்டசோன் 0.1%. மூன்றாவதுதான் ஸ்டீராய்டு. என்னிடம் இருக்கும் அட்டையில் ‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லே இல்லை. இருப்பதும் பொடி எழுத்து இங்கிலீஷ்.

1975-இல் க்ளிக்மனும் வில்லிஸும் வெளியிட்ட கலவையின் பேரப்பிள்ளை இது. டாக்டர் பார்வையில், சில வாரங்களுக்கு மட்டும் போட வேண்டியது. நம்மூரில் வெள்ளையாக்கும் க்ரீம் ஆகிவிட்டது!

ஸ்டீராய்டு ரத்தக்குழாயைச் சுருக்கும். முகச்சிவப்பு சட்டென்று அடங்கும். (எரர் மெசேஜை அமுக்கிவிட்டு புரோகிராம் ஓடுது என்கிற கதைதான்.) மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவப்புக் கோடு, பரு, எரிச்சல் என்று ரோசேஷியா நோய் போலவே ஆகிவிடும். நிறுத்தினால் இன்னும் மோசம், உடனே மறுபடி டியூப். நிஜ ரோசேஷியாவுக்கான மெட்ரோனிடசோல், ஐவர்மெக்டின் பூச்சுகள் பலன் தர வாரக்கணக்கில் ஆகும். பொறுமை யாருக்கு இருக்கு?

2011-இல் வெளியான இந்திய ஆய்வில், 12 மையங்களில் முகத்தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசியிருந்தார்கள். அதில் பாதிக்கு மேல் டாக்டர் சொல்லாமல். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுகளை ஷெட்யூல் எச்-சில் சேர்த்தது. நல்லதுதான். ஆனால் அந்த விதி கடைக்காரருக்கு; வாங்குகிறவர் கண்ணில் படுவது அட்டை. ‘ஸ்டீராய்டு உள்ளது’ என்று பிராண்டு பெயர் அளவுக்குத் தமிழில் போட இடமா இல்லை?

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் தாங்களாக நிறுத்தாமல் டியூபோடு தோல் டாக்டரிடம் போங்கள். திருச்சி ஜி.எச்.சிலேயே தோல் பிரிவு இருக்கிறது.